பூவோடு விட்ட ஒரு செடி

தோட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனியில் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பனியன் கம்பெனித் தோட்டத்தில் எழுதிப் படித்துத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? ஆபீஸ் முன்னால் புல்தரை, ஓரத்தில் குரோட்டன்ஸ், கேட்டுக்கு இரண்டு பக்கமும் அழகுப் பனை. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வரும் நாளில் இலையில் தூசி இல்லாமல் கழுவி வைத்தால் பாராட்டு. மற்ற நாட்களில் நாம் இருக்கிறோமா இல்லையா என்று யாரும் கவனிக்க மாட்டார்கள். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் என் வேலை அப்படித்தான் போனது.

ஆனால் ஹாஸ்டல் முன்னால் நிற்கிறதே டிசம்பர் பூ வேலி, தினமும் நீங்கள் தண்ணீர் விடுவது, அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அது இப்போது நிற்கிற இடம் அதன் பழைய இடம் இல்லை. அங்கே வந்து சேர்ந்த கதை உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

வளர்ப்பு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் பூச்செடி அதிகம் எதிர்பார்க்காத செடி. மழை பிடித்திருக்கும் நாளில் ஒரு குச்சியை ஒடித்து நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். வருஷம் முழுக்க இலை பச்சை மாறாமல் நிற்கும். கார்த்திகையில் பனி இறங்க ஆரம்பித்ததும் ஊதா நிறத்தில் பூக்கத் தொடங்கும், தை முடிவதற்குள் ஓய்ந்துவிடும். ஓய்ந்த பிறகு மாசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். ஆடிக்குப் பிறகு கத்தரியை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். இவ்வளவுதான். ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும்.

கையில் கத்தரியோடு நிற்கும்போது எதை வெட்டுவது, எதை விடுவது என்பதுதான் பழகாது. எனக்கு அது கடைசி வரை பழகவில்லை. ஒருமுறை அப்படி நின்ற இடத்தை மட்டும் உங்களுக்குக் காட்டுகிறேன்.

அந்த வேலியின் முதல் குச்சிகள் அமராவதி நகரில் என் தங்கச்சி வீட்டு வாசலிலிருந்து வந்தவை. ஒரு ஆடி மாதம் அவள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஈரச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். பழைய தையல் ஷெட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவில் இருந்த மண்பாதை ஓரமாக வரிசையாக நட்டேன். யாரும் நடச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பாதை சேறாகிவிடும், ஓரத்தில் ஒரு வேலி இருந்தால் மண் அரிக்காது என்று மட்டும்தான் நினைத்தேன்.

பூ வந்தபோதுதான் அது யாருடைய செடி என்று தெரிந்தது. ஹாஸ்டல் பெண்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். தையல் ஷெட்டுக்குள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. உதிர்ந்த இதழ் ஒன்று துணியோடு பெட்டிக்குள் போய்விட்டால் பையரிடமிருந்து புகார் வரும். அதனால் ஷெட் வாசலில் ஒரு தட்டு இருக்கும். தெரியாமல் பூவோடு வந்துவிட்டவர்கள் கழற்றி அதில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். சாயங்காலம் வெளியே வரும்போது பூ வாடிக் கிடக்கும். டிசம்பர் பூ ஒருநாள் பூ, வாசமும் கிடையாது. அதனால் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பூ நாள். அன்று காலையில் எழுந்து குளித்து ஈரத்தலையோடு வேலிக்கு வந்துவிடுவார்கள். நான் வேலைக்கு வருவதற்குள் வேலி மொட்டையாக நிற்கும்.

ஒரு வருஷம் புதிதாக வந்த மேனேஜர் ஒருவர், தீபாவளிக்கு எல்லா வேலியும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இந்தச் செடியை இப்போது வெட்டினால் பூக்காது என்று ஒருமுறை சொன்னேன். "பூத்தா என்ன, பூக்காட்டி என்னங்க? வேலி வேலியாத்தானே இருக்கோணும்" என்றார். வெட்டினோம். அந்த டிசம்பரில் வேலி பச்சைச் சுவராக அழகாகத்தான் இருந்தது. ஒரு பெண் வந்து இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த வருசம் பூ எப்பங்க வரும்?" என்று கேட்டாள். அதன் பிறகு எந்த மேனேஜர் வந்தாலும் அந்த வேலியை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது நடந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. பழைய ஷெட் பற்றவில்லை. முதலாளியின் மகன், நாங்கள் எல்லோரும் சின்னவர் என்று கூப்பிடுவோம், பொறுப்பை எடுத்துக்கொண்ட புதுசு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்கே வந்தார். அவர் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து எனக்குத் தெரியும். அதனால் ஆபீஸுக்குக் கூப்பிட்டு அனுப்ப மாட்டார்.

"நாயகியக்கா, புது ஷெட் வருதுங்க. பழைய ஷெட்டுல இருந்து ஹாஸ்டல் வரைக்கும் அந்த எடம் முழுசும் வேணுமுங்க."

"அந்தப் பாதையுமாங்க தம்பி?"

"பாதை, வேலி, எல்லாந்தானுங்க. ஞாயித்துக்கெழம ஜேசிபி வருது."

வேலி முழுக்க மொட்டு. முதல் பூக்கள் அப்போதுதான் விரிய ஆரம்பித்திருந்தன.

"தைக்கு மேல வெச்சுக்கலாமுங்களே?"

"மார்கழி பொறந்துருச்சுன்னா பூசை போட முடியாதுங்க்கா. அப்பா ஒத்துக்க மாட்டாரு. தை வரைக்கும் நின்னா ஆர்டர் நிக்காதுங்க. இந்த வாரத்துக்குள்ள எடத்தைச் சுத்தம் பண்ணிப் பூசை போட்டே ஆகோணும்." வேலியைத் திரும்பிப் பார்த்தார். "செடி வேற வாங்கிக்கலாமுங்க்கா. நர்சரியில சொல்லுங்க, எத்தன வேணுமோ அத்தன."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஷெட் வந்தால் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை. அதை ஒரு பூச்செடிக்காக நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. ஹாஸ்டல் முன்னால் வெறும் கட்டாந்தரையாகக் கிடக்கும் பட்டையை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். "எடுத்துக்கங்க" என்றார்.

சனிக்கிழமை பகல் முழுக்க நானும் தோட்டத்து ஆட்களும் அந்தக் கட்டாந்தரையைக் கொத்தினோம். கொத்திக்கொண்டே யோசித்தேன். எப்படித் தோண்டினாலும் பாதி வேர் அறுந்துவிடும். மிச்சமிருக்கும் வேரால் அவ்வளவு இலைக்கும் அவ்வளவு மொட்டுக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. பூ விரிக்கத்தான் செடி தன் சக்தியை எல்லாம் செலவழிக்கும். செடி பிழைக்க வேண்டும் என்றால் மேலே இருப்பதை எல்லாம் வெட்டிவிட வேண்டும். மொட்டு ஒன்றுகூட விடக் கூடாது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மொட்டை வெட்டப்போவதை அந்தப் பெண்களிடம் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆர்டர் அவசரத்தால் அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக யாருக்கும் லீவு இல்லை, அந்த ஒருநாள் மட்டும்தான். ஹாஸ்டலில் பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்துப் பெண்கள். மற்றவர்கள் தெற்கே இருந்தும் நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள். யாரும் ஊருக்குப் போகப்போவதில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஹாஸ்டலிலேயே கிறிஸ்துமஸ் கொண்டாடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். குடில் வைக்க ஒரு மூலை, பாடுவதற்கு ஒரு கூட்டம், தலைக்கு டிசம்பர் பூ. இதற்கெல்லாம் முன்னால் நின்றவள் ஸ்டெல்லா. மடத்துக்குளம் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் பல வருஷமாக இருப்பவள், வேகமாகப் பூக்கட்டுவாள். தையில் அவளுக்குக் கல்யாணம். ஹாஸ்டலில் அதுதான் அவளுக்குக் கடைசி கிறிஸ்துமஸ்.

இன்னொருத்தி மினதி. ஒடிசாவிலிருந்து அந்த வருஷம்தான் வந்தவள். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த வேலி நிழலில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ஒருநாள் இலையைத் தொட்டுக் காட்டி, பூ எப்போது என்று கையால் கேட்டாள். அவள் கழுத்தில் சிலுவை தொங்கியது. அதைக் காட்டி, "கிறிஸ்துமஸ், கிறிஸ்துமஸ்" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும் "கிறிஸ்துமஸ்" என்பாள், நானும் "கிறிஸ்துமஸ்" என்பேன். எங்களுக்குள் அதுதான் வணக்கம். ஊரில் இருக்கும் தன் தங்கையிடமும் போனில் சொல்லிவிட்டாளாம், அன்றைக்குத் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு படம் அனுப்புவதாக.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சாப்பாட்டுக்கு வந்திருந்தபோது மெஸ்ஸுக்குப் போனேன். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். நாளைக்கு வேலியைத் தோண்டப் போகிறோம், ஹாஸ்டல் முன்னால் நடப் போகிறோம், அதற்கு முன்னால் மொட்டோடு சேர்த்து வெட்டப் போகிறோம், இந்த வருஷம் பூ இருக்காது. ஹாஸ்டல் பழக்கத்தில் இந்தி பேசக் கற்றிருந்த ஸ்டெல்லா அதை இந்தியில் திருப்பிச் சொன்னாள்.

பிறகு மினதி எழுந்து என்னவோ வேகமாகச் சொன்னாள். அதில் "கிறிஸ்துமஸ்" என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

"என்ன சொல்றா கண்ணு?"

"ஒரே ஒரு செடிய மட்டும் பூவோட உடச் சொல்றாளுங்க்கா."

"உட்டா அந்தச் செடி செத்துப்போகும்னு சொல்லு."

ஸ்டெல்லா சொன்னாள். மினதி பதில் சொன்னாள். ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்கள் இருவரும் இந்தியில் வாக்குவாதம் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செத்தாச் சாவட்டும், மத்ததெல்லாம் பொழைக்குமில்லன்னு கேக்கறாளுங்க்கா" என்றாள் ஸ்டெல்லா. "நீங்க கேக்காதீங்க. எல்லாத்தையும் வெட்டீருங்க. நான் தையில போயிருவேன். எனக்குப் பொறவு வர்ற புள்ளைங்களுக்கு வேலி வேணுமுங்க. ஒரு நாள் பூவுக்காக ஒரு செடியச் சாகடிக்கறதுங்களா?"

அவள் சொன்னதுதான் சரி. நான் வளர்ந்த விதத்துக்கும் பார்த்த வேலைக்கும் அதுதான் பொருந்தியது. "நாளைக்குப் பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வந்து சேர்ந்தபோது பெண்கள் பாதையில் நின்றிருந்தார்கள். பூ பறிக்க வந்தவர்கள் இல்லை. ஒருத்தி கையில் கடப்பாரை, இன்னொருத்தி கையில் மண்வெட்டி. ஸ்டெல்லா ஷெட்டில் கேட்டு, கழிவாகக் கிடந்த பனியன் துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டிருந்தாள். தோண்டும் செடியின் வேர்மண் உதிராமல் சுற்றிக்கட்டச் சாக்குக்குப் பதில் அதுதான். பின்னல் துணி இழுத்த இழுப்புக்கு வரும், மண்ணை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். அதைவிட நல்ல பொருளை இன்று வரை நான் பார்த்ததில்லை.

முதல் செடியை நான்தான் வெட்டினேன். மொட்டுக் கொத்துகள் கீழே விழுந்தன. யாரும் குனிந்து எடுக்கவில்லை. இரண்டாவது செடிக்கு ஸ்டெல்லா என் கையிலிருந்து கத்தரியை வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அவள் முன்னால் வெட்டிக்கொண்டே போனாள். நாங்கள் பின்னால் தோண்டிக்கொண்டே போனோம்.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. ஜேசிபி வந்துவிட்டது.

அதை ஓட்டி வந்த மனிதரைப் பற்றி உங்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். என் வேலைக் காலத்தில் எனக்கு ஒரு பெரிய விஷயத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அன்று கேட்கத் தோன்றவில்லை, அப்புறம் அவரைப் பார்க்கவும் இல்லை. மதுரைப் பக்கத்து ஆள் என்பது பேச்சில் தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, வேலியையும் எங்களையும் பார்த்தார்.

"என்னக்கா, இம்புட்டுப் பேரு நிக்கிறீக?"

சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"அது முடியாதுக்கா. மத்தியானத்துக்கு மேல வேற எடத்துக்கு வண்டி போகணும்." அப்போதே அவர் போன் அடித்தது. காண்ட்ராக்டர். எதிர்ப்பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. "இந்தா ஆரம்பிக்கிறேண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் பாதையின் நீளத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்தார். வண்டி நின்றது வேலியின் இந்த முனையில், எங்களுக்குப் பக்கத்தில். வழக்கமாக அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

"அக்கா, நான் அந்தக் கடைசியில பழைய சைக்கிள் ஷெட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். அதை இடிச்சு அள்ளவே நேரமாகும். நீங்க இங்கிட்டிருந்து வாங்க. நான் அங்கிட்டிருந்து வாரேன். நடுவுல பாத்துக்கிருவோம்."

அவ்வளவுதான் சொன்னார். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கோடியில் நிறுத்தினார். வேலையை ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடவில்லை, காண்ட்ராக்டரிடம் பொய் சொல்லவில்லை, எங்களுக்காக யாரிடமும் சண்டைக்கும் போகவில்லை. எந்த முனையில் தொடங்குவது என்பதை மட்டும் மாற்றினார். எங்களுக்கு ஒரு முழுக் காலை கிடைத்தது. பிற்காலத்தில் மேலிடத்திலிருந்து முடியாத கட்டளை ஒன்று வரும்போதெல்லாம், முடியாது என்று சொல்வதற்கு முன்னால், இதை வேறு எந்த முனையிலிருந்து தொடங்கலாம் என்று யோசிப்பேன். பல தடவை அது கைகொடுத்திருக்கிறது.

அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. வாரம் முழுக்க மெஷினில் குனிந்திருந்த பெண்கள், கிடைத்த ஒரே ஓய்வு நாளில் கடப்பாரை பிடித்தார்கள். தமிழ், இந்தி, ஒடியா எல்லாம் கலந்து சத்தம். மண்ணோடு வரும் செடியை இரண்டு பேர் தூக்குவார்கள், இரண்டு பேர் துணியைச் சுற்றிக் கட்டுவார்கள், பிறகு குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு ஹாஸ்டல் பக்கம் நடப்பார்கள். சிவப்பு, மஞ்சள், கோடு போட்டது என்று கிடைத்த துணியில் எல்லாம் கட்டியிருந்ததால், நட்டு முடித்த வரிசை திருவிழாக் கடை மாதிரி இருந்தது. மினதியும் தூக்கினாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கிறிஸ்துமஸ்" என்று சொல்லவும் இல்லை.

ஜேசிபி நெருங்கி வந்தபோது வெட்டாமல் ஒரு செடிதான் மிச்சம் இருந்தது. பெரிய செடி, மற்ற எல்லாவற்றையும்விட மொட்டு அதிகம். ஸ்டெல்லா கத்தரியோடு அதன் பக்கத்தில் போய், என்னைத் திரும்பிப் பார்த்தாள். மினதி கொஞ்சம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்டெல்லா சொன்னது சரி என்று அப்போதும் எனக்குத் தெரியும். செடி செத்துவிடும் என்றும் தெரியும். ஆனால் ஒன்று தோன்றியது. இந்த வேலியை நான் யாருக்காகக் காப்பாற்றுகிறேன்? இனி வரப்போகும் பெண்களுக்காக என்றால், இங்கே சேற்றுக் கையோடு நிற்பவர்கள் யார்? வருஷா வருஷம் வேலி வேறு ஆட்களுக்குப் பூக்கும். மினதிக்கு வீட்டை விட்டு வந்த முதல் கிறிஸ்துமஸ் இது ஒன்றுதான். பூக்கும் என்று சொன்னதும் நான்தான்.

"ஸ்டெல்லா, அதை உட்ரு கண்ணு" என்றேன்.

"அக்கா, செத்துப்போகுமுங்க்கா."

"தெரியும் சாமி. உட்ரு."

அவள் கத்தரியை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். முகம் கடுகடுவென்று இருந்தது. நான் மினதியைக் கூப்பிட்டு, ஸ்டெல்லாவை விட்டே சொல்லச் சொன்னேன்: இது பூக்கும், ஆனால் பிழைக்காது, பிறகு அழக் கூடாது. மினதி தலையை ஆட்டினாள்.

அந்தச் செடியை எங்களால் தூக்க முடியவில்லை. ஜேசிபிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். "தள்ளிக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டு, வாளியை மெதுவாக, மிக மெதுவாக இறக்கி, அகலமாக மண்ணோடு வெட்டி எடுத்தார். அவ்வளவு பெரிய இரும்பு ஒரு பூவைக்கூட உதிர்க்கவில்லை. ஹாஸ்டல் வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து குழிக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தார். ஒரு டம்ளர் டீ குடித்தார். போய்விட்டார்.

மற்ற செடிகளுக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு மண்ணை மிதித்துவிட்டால் போதும். இந்த ஒன்றுக்குத்தான் சவரட்சணை. பெண்கள் நான்கு குச்சி நட்டுப் பனியன் துணியால் பந்தல் போட்டார்கள். வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தடவை இலையில் தண்ணீர் தெளித்தார்கள். மறுநாளே இலை தொங்கிப்போனது. விரிந்திருந்த பூக்கள் எல்லாம் கொட்டிவிட்டன. நான் அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் மொட்டுகள் தொங்கவில்லை. செடி இலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு மொட்டுகளைப் பிடித்துக்கொண்டது.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் நான் லீவுதான். ஆனாலும் பஸ் ஏறி வந்தேன். ஹாஸ்டல் கேட்டைத் தாண்டும்போதே பந்தல் துணியை விலக்கியிருப்பது தெரிந்தது. பாதி இலை இல்லாத செடியில் ஊதாப் பூக்கள். கூடை நிறைய என்று சொல்ல முடியாது. அத்தனை பெண்களுக்கு அது பற்றாது. ஸ்டெல்லா படியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். ஆளுக்கு ஒரு விரல் நீளம் வருகிற மாதிரி நறுக்கி நறுக்கிக் கொடுத்தாள். மினதிக்கு மட்டும் தலை நிறைய வைத்துவிட்டாள். தன் பங்கையும் சேர்த்துத்தான் வைத்தாள் என்பதை அவள் வெறும் ஜடையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மினதி போனை நீட்டிப் படம் எடுத்தாள், உடனே தங்கைக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் கீச்சுக் கீச்சென்று கேட்டது. மினதி போனை என் பக்கம் திருப்பி, "அக்கா, கிறிஸ்துமஸ்!" என்றாள். "கிறிஸ்துமஸ்" என்றேன். எனக்கும் ஒரு விரல் நீளம் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

தை முழுக்க வேலி பார்க்கச் சகிக்காமல் கிடந்தது. வெட்டிய செடிகள் வெறும் குச்சிகளாக நின்றன. சின்னவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் போச்சுங்களாக்கா? எடுத்துப்போட்டுட்டு வேற வெச்சுரலாமுங்களா?" என்றார். நான் ஒரு குச்சியின் பட்டையை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை இருந்தது. "மாசி வரைக்கும் பொறுங்க தம்பி" என்றேன். பொறுத்தார். நீங்களும் எந்தச் செடியையும் கீறிப் பார்க்காமல் பிடுங்காதீர்கள்.

ஸ்டெல்லா கல்யாணத்துக்காக மடத்துக்குளம் போய்விட்டாள். போகிற நாளில் என்னிடம் வந்து, "அன்னிக்கு உங்க மேல கோவமுங்க்கா" என்றாள். "இப்ப?" என்று கேட்டேன். "இப்பவும் கொஞ்சம் இருக்குதுங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் கோபம் நியாயமானதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாசியில் குச்சிகள் துளிர்த்தன. ஒன்றிரண்டு போயின, மற்றவை எல்லாம் பிழைத்தன. ஒருநாள் மத்தியானம் போனபோது மினதி வேலி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். வரிசை முழுக்கச் சின்னச் சின்னப் பச்சை. வாசலோரத்துப் பெரிய செடி மட்டும் வைக்கோல் நிறத்தில் நின்றது. கீறிப் பார்த்த தடம் அதில் பல இடங்களில் இருந்தது, எல்லாம் அவள் நகம்தான்.

"அக்கா, எல்லாம் வந்துச்சு. இது வரல." அதன் குச்சியைத் தொட்டுக்கொண்டு, "நான் தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு. நீ ஆசப்பட்டே, அவ்வளவுதான். உட்டுடுன்னு சொன்னது நானு. இந்தச் செடி செத்தது என்னோட கணக்கு, உன்னோடது இல்ல."

அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. திரும்பவும் மெதுவாகச் சொன்னேன். இந்த முறை தலையை ஆட்டினாள். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் அந்தச் செடியைப் பிடித்து இழுத்தாள். வேர் பிடிக்காத செடி, சுலபமாக வந்துவிட்டது. கட்டியிருந்த பனியன் துணி இன்னும் மண்ணுக்குள் அப்படியே இருந்தது.

உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு நேரம் வரும். செடி பற்றி உங்களுக்குத்தான் தெரியும், ஆசைப்படுகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் ஆசைக்கு இடம் கொடுத்தாலும் சரி, மறுத்தாலும் சரி, அந்த முடிவை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்கள் தலையில் வைக்காதீர்கள்.

பக்கத்துச் செடி ஒன்றிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து மினதி கையில் கொடுத்தேன். அந்தக் குழியிலேயே நட்டாள். மினதி இப்போது அவிநாசிப் பக்கம் வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர். போன டிசம்பரில் உங்கள் ஹாஸ்டல் பக்கம் வந்தபோது வேலி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பூத்திருந்தது. அந்தக் குழி எது என்று தேடிப் பார்த்தேன். என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.